புகை எங்கே போகிறது?

இந்த வாரம் எங்கள் மில் கேன்டீன் கதையின் இரண்டாம் பகுதியை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். மார்கழிக் குளிர் ஆரம்பித்துவிட்டது. குளிர் வந்தால் என் மனதில் ஒரு விஷயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை இந்த மாதமே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோயமுத்தூர் மில் ஒன்றில் பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பு அட்டெண்டர் சான்றிதழோடு சேர்ந்து, முதல் வகுப்பு வாங்கி, முப்பத்தைந்து வருடம் நெருப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். சேர்ந்த முதல் நாள் எங்கள் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. நான் பிரஷர் கேஜையும் வாட்டர் கேஜையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, "தம்பி, அதெல்லாம் அப்புறம். புகை எங்கே போகுதுன்னு முதல்ல பாரு" என்றார். வெளியே கூட்டிப்போய்ப் புகைபோக்கியைக் காட்டினார். நெருப்பை மூட்டுகிறவன் முதலில் புகைக்கு வழி பண்ண வேண்டும். மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முப்பத்தைந்து வருடம் அந்தப் பாடத்தை மில்லில் ஒரு நாளும் மறக்கவில்லை. என் மகள் வீட்டில் ஒரே ஒரு நாள் மறந்தேன். மறந்தேன் என்று சொல்வதுகூடப் பொய். ஞாபகம் இருந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு அடுக்ககத்தில் வாடகைக்குப் புது வீடு பார்த்து, அக்டோபர் மாதம் பால் காய்ச்சினார்கள். நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். அன்றைக்குத்தான் கடையிலிருந்து ஒரு பையன் வந்து பாத்ரூமில் கேஸ் கீசர் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் சின்னப் பெட்டி. சிலிண்டரை வெளியே பால்கனியில் வைத்து, டியூபை உள்ளே கொண்டுவந்திருந்தான்.

"தம்பி, புகைக்கு பைப் எங்கே?" என்று கேட்டேன்.

"இது சின்ன மாடல் சார். பைப் வேண்டாம். வெண்டிலேட்டர் இருக்குதே, போதும்" என்றான்.

மாப்பிள்ளை, "வீட்டு ஓனர் டைல்ஸ்ல ஓட்டை போடக்கூடாதுன்னு சொல்லிட்டாருங்க மாமா" என்றார்.

எனக்குள் மேஸ்திரி கத்தினார். ஆனால் அது மாப்பிள்ளை வீடு. நல்ல நாள். வந்த இடத்தில் குற்றம் சொன்னால் நன்றாக இருக்குமா என்று நினைத்தேன். பாயசத்தைக் குடித்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பெங்களூர்க் குளிர் தெரியுமல்லவா? காற்று வருகிறது என்று வெண்டிலேட்டரில் அட்டையை வைத்து அடைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முதலில் குளித்துவிட்டு வந்தார். அடுத்து மகள் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொள்ளப் போனாள். எண்ணெய் தேய்த்த தலை, நேரமாகும். பள்ளிக்கூடம் கிளம்பும் பேத்தி, ரிப்பன் எங்கே என்று கேட்க அம்மாவைத் தேடிப் போயிருக்கிறாள். அவளுக்காகத்தான் மகள் தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திவைப்பது வழக்கம். குழந்தை தள்ளினாள், கதவு திறந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழாயில் வெந்நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அந்தத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் இன்றைக்கு நான் வேறு மாதிரியான ஒரு பதிவை எழுதிக்கொண்டிருப்பேன். அல்லது எதுவுமே எழுதாமல் உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்துக் கிளினிக்கில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். 98 காட்டியது. "ஆக்ஸிஜன் நல்லா இருக்கு, பிரஷர் குறைஞ்சு மயக்கம் வந்திருக்கும்" என்றார்கள். தலைவலியும் வாந்தியும் நிற்கவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் மாப்பிள்ளை. அங்கே ராத்திரி ட்யூட்டி முடிந்து கிளம்ப இருந்த ஒரு சின்ன வயது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல கேஸ் கீசரா?" அந்தப் பெண் மகராசியாக இருக்க வேண்டும். ரத்தத்தைச் சோதித்து, முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். அன்று காலையில் நடந்தது எதுவும் மகளுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. ஒரு மாதம் வரை பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தைக்குத் தடுமாறினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கேஸ் நன்றாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறோமே, அதே கருவிதான். அது 98 காட்டினாலும் ஆள் போய்க்கொண்டிருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு லிட்டர் கீசர் முழுதாக எரிந்தால் மணிக்குச் சுமார் ஒரு கிலோ கேஸ் தின்னும். உங்கள் சமையலறை அடுப்பின் பெரிய பர்னர் ஐந்தை ஒன்றாகச் சேர்த்து முழு வேகத்தில் எரிப்பதற்குச் சமம். ஒரு கிலோ கேஸ் எரியச் சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரம் உள்ள பாத்ரூமில் இருப்பதே 8 கன மீட்டர். அதாவது கதவைச் சாத்தி இருபது நிமிடம் எரித்தால், அந்த அறையின் பாதிக் காற்றில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். அதற்கு வெகு முன்னாலேயே தீ நிறம் மாறி விஷத்தைக் கக்க ஆரம்பித்துவிடும். முதலில் குளிக்கிறவர் தப்பிவிடுவார். அவர் விட்டுவைத்த காற்றில் இரண்டாவதாகக் குளிக்கிறவர் மாட்டிக்கொள்வார். நம் வீடுகளில் கடைசியில் குளிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு, சமையலறையில் அரை மணி நேரம் இருக்கச் சொன்னால் இருப்பீர்களா? பாத்ரூமில் மட்டும் எப்படிச் சம்மதித்தோம்?

நம் முந்தைய தலைமுறை இவ்வளவு அசடாக இல்லை. புறக்கடையில் கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றி விறகில் வெந்நீர் போட்டார்கள். வசதியானவர்கள் செம்புப் பாய்லர் வைத்திருந்தார்கள். எங்கள் அத்தை வீட்டில் ஒன்று இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதில் கரியும் கொட்டாங்குச்சியும் போட வேண்டும், சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு. அந்த நடுக்குழாய்தான் அடுப்பு, அதுவேதான் புகைபோக்கி. அதையும் வாசல் ஓரத்திலோ முற்றத்திலோதான் வைப்பார்கள். வெந்நீரைப் பித்தளை வாளியில் பிடித்து உள்ளே கொண்டுபோவோம். நெருப்பு வெளியே, குளிப்பவர் உள்ளே. படிக்காத அத்தைக்குத் தெரிந்த இந்த விஷயம், பி.இ. படித்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தெரிந்த நானும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் விஷயத்துக்குப் பிறகு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தேன். பெங்களூர் மட்டும் அல்ல, நம் ஊரிலும் பல வீடுகளில் இந்தப் பெட்டி தொங்குகிறது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கியவை நிறைய. வாங்கியதில் தப்பில்லை. சீக்கிரம் சூடாகும், கரன்ட் வேண்டாம், செலவு குறைவு. இதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் புகைக் குழாய் பற்றிக் கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"ஜன்னல் இருக்குதுங்க." குளிர்காலத்தில் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கிறீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். மேலும் ஒரு ஓட்டை போதாது. கீழிருந்து காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டு மேலே வெண்டிலேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது தப்பு.

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்குதுங்க." கரன்ட் போகும் என்றுதானே கேஸ் கீசர் வாங்கினீர்கள்? கரன்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். கீசரோ இரண்டு பேட்டரி செல்லில் ஜோராகப் பற்றிக்கொள்ளும். இன்னொன்று. புகைக் குழாய் உள்ள கீசருக்குப் பக்கத்தில் கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டால், அது குழாய் வழியாகவே வெளிக்காற்றைக் கீழே இழுக்கும். போக வேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பி வரும். பாய்லர் ஹவுஸில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"லீக் ஆனா வாசனை தெரியுமே." தெரியும், எரியாத கேஸ் கசிந்தால். அந்த நாற்றமே நமக்குத் தெரியவேண்டும் என்று மெர்காப்டன் கலந்ததால் வருவது. எரிந்த பின் வரும் விஷத்துக்கு நாற்றம் கிடையாது.

"இருபது நிமிஷத்துல தானா அணைஞ்சிடும்." பல மாடல்களில் அப்படி உண்டு, சரி. தண்ணீரை நிறுத்தித் திறந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சோப்புப் போடும்போது எல்லோரும் குழாயை மூடத்தானே செய்கிறோம்?

"பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலை." புதுப் பர்னர் நீல நிறத்தில் சுத்தமாக எரியும். தூசி, பூச்சிக்கூடு, உப்பு எல்லாம் சேரச்சேர மஞ்சள் தட்டும். மேலே கரி படிந்து புகை போகும் இடுக்கை அடைக்கும். பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் பதினோராவது வருடம் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆபத்து கூடிக்கொண்டே போகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வெளிநாட்டில் இதைப் பற்றி யோசித்துச் சட்டமே போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிப்படி, குளியலறையில் கேஸ் கருவி மாட்டினால் அது அறைக் காற்றைத் தொடாத வகையாகத்தான் இருக்க வேண்டும். எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளும் வகை அது. சீனாவில் குழாய் இல்லாமல் அறைக்குள்ளேயே புகை விடும் கீசரைத் தயாரிக்கவே 1999-இல் தடை போட்டார்கள். ஜப்பானில் பெரும்பாலும் வெளிச்சுவரில்தான் மாட்டுகிறார்கள். இங்கே என்ன நிலை? மில் பாய்லரை வருடம் தவறாமல் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். கொதிநிலைக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்கும் கருவியை அந்தச் சட்டம் கண்டுகொள்ளாது. அதன் கவலை பிரஷர் மட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த கேஸ் ஏஜென்சி ஆளும் அடுப்பையும் ரப்பர் டியூபையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். "பாத்ரூம்ல ஏதாவது இருக்குதா?" என்று கேட்கவில்லை. பைப்பை மாட்டாமல் கீசரை விற்கவே கூடாது என்று ஒரு விதி வந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். விதி வரும்வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எப்படி மாட்டுவது?

முதல் வழி, அத்தை வழி. கீசரை வெளியே மாட்டுங்கள். திறந்த பால்கனி, பின்புறச் சுவர், மழை படாத மறைவு போதும். வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். ஆனால் பால்கனிக்குக் கண்ணாடி போட்டு மூடியிருந்தால் அது வெளி அல்ல, இன்னொரு அறை.

இரண்டாவது, உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால், அறைக் காற்றைத் தொடாத இரட்டைக் குழாய் வகையைத் தேடி வாங்குங்கள். விலை கூடுதல்தான்.

மூன்றாவது, சாதாரணக் கீசருக்குப் புகைக் குழாய். இது பாத்ரூமுக்கு வெளியே உள்ள காற்றோட்டமான இடத்துக்குத்தான். அதற்கும் சில விதி உண்டு. கீசர் தலையிலிருந்து குழாய் முதலில் நேராக மேலே போக வேண்டும். வளைவு குறைவாக இருக்க வேண்டும். கடைசி வரை ஏறுமுகமாகவே போய்த் திறந்த வெளியில் முடிய வேண்டும், முனையில் காற்றும் மழையும் புகாமல் மூடி வேண்டும். பிளம்பர் கையில் இருக்கிறது என்று பி.வி.சி. குழாயை மாட்டினால் விடாதீர்கள், சூட்டில் இளகி வாயைப் பிளக்கும். தகரமோ ஸ்டீலோதான் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அடுக்ககத்தில் எல்லா பாத்ரூமும் திறக்கும் நடு டக்டில் விடுவார்கள். அப்போது உங்கள் புகை மாடி வீட்டுக் குழந்தை குளிக்கும் அறைக்குப் போகும்.

குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டாம். கதவு ஜன்னலைச் சாத்தி, கீசரைப் பற்றவைத்து ஐந்து நிமிடம் கழித்து, கேஸ் வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கீசர் தலையில் குழாய் ஆரம்பிக்கும் இடுக்கின் ஓரத்தில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. உங்கள் முகத்தைப் பார்த்து வந்தால் உடனே அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள்.

இல்லை, இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் மொட்டைமாடியில் சோலார் போடுங்கள், கரன்ட் கீசர் வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். மகள் வீட்டில் அந்தப் பெட்டியை அன்றைக்கே கழற்றியாகிவிட்டது.

கடைசியாக, நம் வயதுக்காரர்களிடம் ஒன்று. நம்மில் பலர் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். "டைல்ஸ்ல ஓட்டை போடாதீங்க, ஆணி அடிக்காதீங்க" என்று சொல்வதும் நாம்தான். அந்த ஓனர் எங்கேயோ பெங்களூரில் இருக்கும் பொல்லாத மனிதர் அல்ல. நம்மைப் போல ஓய்வு பெற்ற ஒரு மனிதர்தான், வீட்டை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர். அவர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சம் அல்ல. அதில் பாதிக் கோபம் என்மேல்தான். ஒரு டைல் என்ன விலை? உடைந்தால் வேறு ஒட்டிக்கொள்ளலாம். குடியிருக்கிறவர்கள் கேஸ் கீசர் வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே மாடியேறிப் பாருங்கள். ஓட்டை போடச் சம்மதிக்க மாட்டோம் என்றால் கீசரையும் சம்மதிக்காதீர்கள். இரண்டில் ஒன்று.

இன்னொன்று, பாத்ரூமில் வயதானவர் விழுந்தால் "வழுக்கிட்டார், வயசாயிடுச்சு, ஹார்ட் அட்டாக்" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அந்தச் சுவரில் ஒரு கேஸ் கீசர் தொங்குகிறதா என்று யாராவது அண்ணாந்து பார்க்கிறோமா? குளித்து முடித்ததும் தலைவலி, கிறுகிறுப்பு, கால் துவளுவது இருந்தால் வயதின்மேல் பழி போடாதீர்கள். ஆளை முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்காவிட்டாலும் "வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்று ராத்திரி பிள்ளைகளுக்குப் போன் போடும்போது, சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்ட கையோடு, உங்கள் வீட்டுக் கீசரில் புகை எங்கே போகிறது என்றும் கேட்டுவிடுங்கள். மாப்பிள்ளை வீடு, மருமகள் வீடு என்று தயங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும். நான் அன்றைக்குக் கேட்டது ஒரு தடவைதான். பதில் சரியில்லை என்று தெரிந்தும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

கேன்டீன் கதை அடுத்த வாரம் நிச்சயம்.